தூங்குகிறவர்களை வரைந்த ரூத்

காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் ரூத்தின் ஸ்டேட்டஸைப் பார்த்துவிடுவது பல வருடங்களாக என் வழக்கம். ஒரு படத்தை முடித்ததும் அவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைப்பார். அடியில் ஒற்றை வரி இருக்கும். ‘புதுசு. இன்னும் காயல.’ ‘இவர் பேரு கேக்க மறந்துட்டேன். பொன்னேரியில இறங்கிட்டாரு.’ ‘இந்த நீலம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல.’ நம்மில் பலருக்கு அவருடைய ஓவியங்கள் முதலில் உள்ளங்கை அகலத்தில்தான் அறிமுகமாயின. பிறகு கண்காட்சியில் சுவரளவு பெரிதாகப் பார்க்கும்போதுகூட, தூக்கக் கலக்கத்தில் பார்த்த அந்தச் சின்னப் படம்தான் மனதில் மேலே வரும்.

அன்றைக்கும் அவர் பெயரைச் சுற்றிப் பச்சை வட்டம் இருந்தது. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு ஈரக்கையோடு திறந்தேன். ஒரு பெண்ணின் முகம். கண்கள் நேராக என்னைப் பார்த்தன. ரூத் கண் திறந்த முகத்தை வரைய மாட்டாரே, இது என்ன புதிதாக என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஓவியமல்ல, அவருடைய புகைப்படம் என்று புரியச் சற்று நேரமானது. கீழே அவருடைய தம்பி சாமுவேல் எழுதியிருந்தார்: ‘அக்கா இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.’

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் ஓவியம், நான் தமிழ். கால அட்டவணையில் எங்கள் இரண்டு பாடங்களையும்தான் முதலில் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுப்பார்கள். அப்படிப் பிடுங்கப்பட்ட வேளைகளில் ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசித்தான் எங்கள் நட்பு வளர்ந்தது. அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் கடைசி வரை என்னை ‘மல்லிகா மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார்.

அவர் வரைவதை நான் முதன்முதலாக அருகில் இருந்து பார்த்தது ரயிலில். பள்ளி வேலையாகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதிர் இருக்கையில் சாம்பல் நிறச் சீருடையில் ஒருவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ரூத் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேச்சை நிறுத்தவில்லை. என்னோடு ஏதோ சாம்பார்ப்பொடி பற்றிப் பேசியபடியே வரைந்தார். மீஞ்சூர் தாண்டியதும் அந்த மனிதர் விழித்துக்கொண்டார். ரூத் தாளை அவர் பக்கம் திருப்பினார்.

“அண்ணே, நீங்க தூங்கிக்கினு இருக்கும்போது வரைஞ்சேன். வெச்சுக்கட்டுமா, கிழிச்சுடட்டுமா?”

அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “இது நானா? வாய் இம்மாம் பெரிசாவா தொறந்துக்கினு இருந்தேன்?”

“ஆமாண்ணே.”

“அப்ப வாயை மட்டும் மூடிடும்மா.”

“வாயை மூடினா நீங்க முழிச்சுக்குவீங்களேண்ணே.”

அந்த ஆள் சிரித்துவிட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னார். திரும்பி வரும்போது, தூங்கி எழுந்த ஒரு பெண்ணிடம் ரூத் அதே கேள்வியைக் கேட்டார். அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “வேணாங்க, கிழிச்சுடுங்க” என்றாள்.  ரூத் கிழித்து, துண்டுகளை அவள் கையிலேயே கொடுத்தார். மிக நன்றாக வந்திருந்த படம் அது. எனக்கு மனசு கேட்கவில்லை. “இவ்வளவு நல்லா வந்ததைப் போய்” என்றேன். “படம் என்னுது மிஸ். தூக்கம் அவங்களுது” என்றார் ரூத்.

ஏன் தூங்குகிறவர்களையே வரைகிறீர்கள் என்று எல்லோரும் அவரிடம் கேட்பார்கள். பேட்டிக்கு வந்தவர்களிடம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். என்னிடம் ஒரு மதிய உணவு வேளையில் சொன்னார். அவருடைய அப்பா இளவயதில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். தொழிற்சாலைகள் வந்தபோது இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் சேர்ந்தார். பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். வீடு ஒரே அறை. விடிந்ததும் அவர் வந்து படுத்துவிடுவார். அம்மா ஞாயிறு ஆராதனைக்கு உடுத்தும் சிவப்புச் சேலையை ஜன்னலில் கட்டுவார். அறை முழுக்கச் செம்பருத்திப் பூவுக்குள் இருப்பதுபோல ஆகிவிடுமாம். அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குள் பிள்ளைகள் சத்தம் போடாமல் விளையாட வேண்டும்.

“சத்தம் வராத விளையாட்டு இன்னா கீது சொல்லுங்க. கல்லாங்கா ஆடினா சத்தம். ஓடினா சத்தம். படம் வரையறது ஒண்ணுதான் சத்தம் இல்லாதது. எங்க ஊட்ல வரையறதுக்குப் பொம்மை, பூவு ஒண்ணும் கெடையாது. நைனா இருந்தாரு. தூங்கிக்கினு இருந்தாரு. அவரையே வரைஞ்சேன்.” டிபன் பெட்டியை மூடிக்கொண்டே, “முழிச்சிக்கினு இருக்கிற நைனாவை எனக்கு அவ்ளோவா பழக்கம் இல்ல மிஸ்” என்றார்.

அந்த ஆரம்ப காலப் படங்களில் எல்லோரும் தரையோடு தரையாகப் படுத்திருப்பார்கள். பிற்காலப் படங்களில் ஒரு விரற்கடை மேலே மிதப்பார்கள். பாய் கீழே கிடக்கும். பாயின் கோடுகள்மேல் ஒரு மெல்லிய நிழல் விழுந்திருக்கும். ஆள் அதற்குச் சற்று மேலே இருப்பார். இதைப் பற்றிப் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்கும் சிறு பங்கு உண்டு. ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன்: தூங்குதல் என்றால் பழைய தமிழில் தொங்குதல், மெல்ல அசைதல் என்று பொருள், தூக்கணாங்குருவியின் கூடு மரத்தில் தூங்கும், தொட்டிலும் தூங்கும். ரூத் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப தூங்கறவங்க எல்லாம் தொங்கிக்கினு இருக்காங்களா?”

“அப்படித்தான் சொல்லு வருது அக்கா.”

“எதுல இருந்து?”

 அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. ஆலைத் தொழிலாளி ஒருவர் பாய்க்கு மேலே மிதந்துகொண்டிருந்தார். ஜன்னலில் புகைபோக்கியிலிருந்து வரும் புகை அவர் நெற்றிவரை வந்து, அவருடைய கனவைப் போலச் சுருண்டு நின்றது. ‘மல்லிகா மிஸ்ஸுக்கு’ என்று கீழே எழுதியிருந்தது. தூங்கிப்போன என் மகனைத் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும் என்று கிண்டலாகப் பதில் அனுப்பினேன். ‘கனம் தூக்கறவங்களுக்குத்தான்’ என்று உடனே பதில் வந்தது.

சென்னையில் ஒரு நல்ல கூடத்தில் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டும் அட்டைகளை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். அந்தக் கண்காட்சியில் மிகப் பெரிய படம் ஏழுமலையினுடையது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் அவர் காவலாளி. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு நடுப்பகலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கண் அயர்ந்திருக்கிறார். மேலே மேலே அடுக்கிய பெட்டிகளின் செம்மண், பச்சை, வெளிறிய நீலம் எல்லாம் வெயிலில் கரைந்து அவருக்குப் பின்னால் ஒரு மாலை வானம்போலத் தெரியும். நாற்காலியின் கைப்பிடிகளைத் தொடாமல், ஒரு தொப்பி மடியில் இருக்க, அவர் அந்த வானத்துக்குள் தூங்குவார். விழித்ததும் வழக்கமான கேள்வியை ரூத் கேட்டிருக்கிறார். “வெச்சுக்கங்க மேடம். நானும் ஒரு எடத்துல இருந்துட்டுப் போறேன்” என்று ஏழுமலை சொல்லியிருக்கிறார்.

ஒரு பத்திரிகை அந்தப் படத்தை வண்ணத்தில் அரைப்பக்கத்துக்குப் போட்டது. அந்த வாரமே ஏழுமலை ரூத்துக்குப் போன் செய்தார். ஆசிரியர் அறையில் நான் பக்கத்தில் இருந்தேன். குரல் வெளியே கேட்டது.

“மேடம், பேப்பர்ல படம் நல்லா வந்துக்குது. எங்க தெருவுல எல்லாரும் பார்த்தாங்க. அப்பறம், என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க மேடம்.”

வேலை போன செய்தியைவிட, படம் நன்றாக வந்ததை அவர் முதலில் சொன்னதுதான் ரூத்தை அடித்துப்போட்டது. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் ஏழுமலையை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த மேலாளர் மரியாதையான மனிதர். டீ வரவழைத்தார். ரூத் பேசினார். அது கற்பனைப் படம் என்று சொல்லிப் பார்த்தார். சட்டையும் மீசையும் யார்டும் அப்படியே இருக்கின்றனவே என்றார் அவர். இரண்டு ஷிஃப்ட் பார்த்தவர், யாராக இருந்தாலும் கண் அசரத்தானே செய்யும் என்று ரூத் சொன்னார்.

“அசர்றது தப்பில்ல மேடம்” என்றார் மேலாளர். “நாங்களும்தான் அசர்றோம். பேப்பர்ல அசர்றதுதான் தப்பு. பெரிய எடத்துலேர்ந்து போன் வருது. நான் இன்னா பண்றது. ஒரே பேஜாரு.”

அன்று சாயங்காலமே ரூத் சென்னைக்குப் போனார். படத்தை வாங்க ஒருவர் பெயர் கொடுத்து வைத்திருந்தார். கூடத்துக்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஏணி கேட்டு வாங்கித் தானே ஏறி, படத்தைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். கண்காட்சி முடியும் வரை அந்தப் பெரிய சுவரில் ஆணியும் நான் எழுதிய அட்டையும் மட்டும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ‘சின்ன யானை’ சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்துப் படத்தை ஏழுமலையின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவர் வேலை தேடி வெளியே போயிருந்தார். அவருடைய மனைவி கன்னியம்மா வாசலில் வழி மறித்து நின்றார்.

“இன்னாத்துக்கு இதை எடுத்துக்கினு வந்தீங்க? இதை வெச்சுக்கினு நாங்க இன்னா பண்றது? சோறு போடுமா?”

 படம் உள்ளே போகாது, வாசல் சிறியது. வெளிச் சுவரில் சாய்த்து வைத்துப் போர்வையை எடுத்தோம். கன்னியம்மா திட்டிக்கொண்டேதான் இருந்தார். திட்டு ஒரு இடத்தில் நின்றது. அவர் கிட்டே வந்தார். படத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தெருவில் தண்ணீர் லாரி வந்து போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

“இவரு இப்படியா தூங்குவாரு?” என்றார்.

படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே மேலும் சொன்னார்:

“நான் மீன் கம்பெனிக்குக் காலைல கெளம்புவேன். நான் பஸ் ஏறச்சொல்ல இவரு பஸ்ஸுல இருந்து எறங்குவாரு. நாத்திக்கெழம ஊட்ல இருந்தாக்கூட எதனா ஒண்ணைக் கழட்டி மாட்டிக்கினு இருப்பாரு. பசங்களும் பெரிசாயிடுச்சுங்க. இவரு தூங்கி நான் பார்த்ததே இல்லையே.”

ரூத் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “படத்தை வெச்சுட்டுப் போங்க. ஆனா நீங்க பண்ணது தப்புதான்.”

“தப்புதாம்மா” என்றார் ரூத்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அவருடைய ஸ்டேட்டஸில் எதுவும் வரவில்லை. ரயிலில் போகும்போதுகூடப் பையைத் திறக்க மாட்டார். வகுப்பில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் கலங்கரை விளக்கமும் வரையச் சொல்லிக்கொடுத்தார். நான் ஒருமுறை கேட்டேன். “அடுத்தவங்க தூக்கத்தைத் தெருவுக்கு எடுத்துக்கினு வந்துட்டேன் மிஸ். கேட்டுத்தான் எடுத்தேன். ஆனா அந்த மனுஷனுக்கு எங்க போவும்னு தெரியாது. எனக்கும் தெரியல” என்றார். அந்த நாட்களில் அவர் மெலிந்துபோனார். இதயத்தில் கோளாறு இருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்ததும் அப்போதுதான்.

ஒரு மதியம் பள்ளி வாயிலில் கன்னியம்மா வந்து நின்றார். மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஏதோ சொல்லத் தயங்கிக்கொண்டு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். முதலில் ஏழுமலைக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார். பிறகு சொன்னார்:

“மேடம், என்னையும் வரைஞ்சு குடுங்க. அவரும் நான் தூங்கிப் பார்த்ததில்லையாம். தெனம் தாழ்வாரத்துல அந்தப் படத்தாண்ட நின்னுக்கினு, ‘நீ எப்படித் தூங்குவே’ன்னு கேக்கறாரு. எனக்கு இன்னா தெரியும்?”

ரூத் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார். துணைக்கு நானும் போனேன். கன்னியம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி வரும்? வெட்கம், சிரிப்பு. பேசிப் பேசி எங்களுக்கு நாஷ்டா எடுத்து வைத்தார். பிறகு ரூத் எழுந்து கொடியில் கிடந்த ஒரு மஞ்சள் சேலையை ஜன்னலில் கட்டினார். அறை நெல் அறுக்கிற காலத்து மாலை வெயிலாக மாறியது. ஏழுமலை வெளியே உட்கார்ந்து, தெருவில் பந்தாடும் பிள்ளைகளை அந்தப் பக்கம் போய் ஆடுங்கடா என்று தாழ்ந்த குரலில் அனுப்பிக்கொண்டிருந்தார். எப்போது என்று தெரியாமல் கன்னியம்மாவின் பேச்சு மெலிந்து, பாதிச் சொல்லில் நின்றது. அதன் பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் தாளில் பென்சில் நகரும் ஓசை மட்டும்தான். அந்தப் பகல் எப்படி முடிந்தது என்றே நினைவில்லை. நானும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தேன்.

அந்தப் படம் தயாரானதும் ரூத் அதை ஏழுமலையிடம் கொடுத்தார். அவர் அதைப் பார்த்தபோது நாங்கள் இருக்கவில்லை. வேண்டுமென்றே ரூத் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். “அது அவங்க ரெண்டு பேர் விஷயம்” என்றார்.

தெருவுக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரிந்தது. நமக்கு இந்தப் பக்கத்தில் இப்படி எத்தனை வீடுகள். கணவன் இரவில் ஆலைக்கு, மனைவி பகலில் வேலைக்கு. சாவியைக் கைமாற்றும் நேரத்தில் மட்டும் ஒருவரையொருவர் பார்ப்பவர்கள். ஒவ்வொருவராக ரூத்தைக் கூப்பிட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் ஓர் அறையில் ஒரே பாயைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் மற்றவன் வந்து படுப்பான். பாய் ஆறுவதே இல்லை. ரூத் இருவரையும் தனித்தனியாக வரைந்து, இரண்டு படங்களிலும் அந்தப் பாயை ஒரே தொடர்ச்சியாக வருமாறு செய்தார். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் இருவரும் ஒரே பாயில், ஒரே நேரத்தில் தூங்குவார்கள்.

மறுபடி காலைகளில் ஸ்டேட்டஸ் வரத் தொடங்கியது. ஆனால் படம் இல்லை. ‘இன்னிக்கு ஒண்ணு முடிச்சேன். அவங்க ஊட்ல இருக்குது’ என்று எழுத்து மட்டும் வரும். அதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

படங்களையெல்லாம் ஒருமுறை சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் ஏழுமலை. ஆடி மாதத்தில் மண்டபம் சும்மாதானே கிடக்கிறது என்று முதலாளியிடம் அவரே பேசி இடம் வாங்கிவிட்டார். ரூத் வீடு வீடாகப் போய், கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியே கேட்டார். முன்பு கேட்ட கேள்வி போதாது என்று அவருக்குத் தோன்றியிருந்தது. யார் யார் வந்து பார்க்கலாம், போட்டோ எடுக்கலாமா, பெயர் போடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிலர் மறுத்தார்கள். அவர்களுடைய படங்கள் வீட்டிலேயே இருந்தன. கண்காட்சிக்கு ‘எதிர் ஷிஃப்ட்’ என்று பெயர் வைத்தோம்.

அந்த நாளில் மண்டபத்துக்கு வந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பை வெளியே கழற்றினார்கள். உள்ளே வந்ததும் குரல் தானாகத் தாழ்ந்தது. மணமேடையிலிருந்து சமையல்கூடம் வரை ஜோடி ஜோடியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களில் ரூத் கட்டியிருந்த சேலைகள் வழியாக வந்த வெளிச்சம் சிவப்பும் மஞ்சளும் மயில்கழுத்துப் பச்சையுமாகத் தரையில் கிடந்தது. அதன்மேல் நடக்கும்போது காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியவில்லை. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. மண்டபமே திரும்பி ‘உஷ்’ என்றது. அதன் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பிறகு தாங்கள் செய்தது புரிந்து எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பும் சத்தமில்லாமல்தான் வந்தது.

ஏழுமலை ஒவ்வொரு வரிசைக்கும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டே வந்தார். ஆள் இல்லாத பக்கம் எதற்கு என்று கேட்டேன்.

“இருக்காங்களே” என்றார் சுவரைக் காட்டி. “வேர்க்காது?”

ஒடிசா இளைஞர்கள் இருவரும் அன்று ஒன்றாக விடுப்பு எடுத்து வந்திருந்தார்கள். ஒருவன் மற்றவனுடைய படத்தின் முன் நின்றான். மற்றவன் இவனுடையதன் முன். அவர்கள் மொழி எங்களுக்குத் தெரியாது. ஒருவன் ஏதோ சொன்னான். மற்றவன் வெட்கத்தோடு தன் காலைப் பார்த்துக்கொண்டான். ஓர் அம்மாள் தன் கணவரின் படத்துக்கு முன் நின்றவர், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்து, “பாருங்க, தூக்கத்துல சிரிக்கிறாரு. ஊட்ல இன்னாத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு இருக்கணும்?” என்றார். சென்னையிலிருந்து வந்த கூடத்துக்காரர் இவற்றில் பாதியையாவது விற்கலாம் என்றார். “என்னுது எதுவும் இல்ல சார், எல்லாம் எரவல்” என்றார் ரூத். சாயங்காலம் அவரவர் தங்கள் தூக்கத்தை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வாயிலில் நின்று வழியனுப்பிய ரூத்தின் முகம் அன்றுபோல் தெளிந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய இறுதி நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெரு முனையில் ஒட்டிய சுவரொட்டியிலும் ‘நித்திரையடைந்தார்’ என்றே இருந்தது. வந்தவர்கள் எல்லோரும், தூங்குகிறவர்களை வரைந்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார், புண்ணியம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படி நம்புவது ஆறுதலாக இருந்தது. சாமுவேலிடம் அதைச் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“எங்க வழக்கத்துல அப்படித்தான் எழுதுவாங்க டீச்சர். அக்கா முழிச்சிக்கினுதான் இருந்தா. டீ கேட்டா. ஜன்னலைத் தொறடா, வெளிச்சம் வருதான்னு பாக்கணும்னா. தொறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கினு இருந்தா. அப்பறம் போய்ட்டா.”

அவர் சொன்னதைக் கேட்டதும் என் மனதிலிருந்த இனிப்பான பொய் ஒன்று கரைந்தது. அந்த இடத்தில் ஜன்னல் பக்கம் முகம் திருப்பியிருக்கும் ரூத் வந்து உட்கார்ந்தார். அதுவே மேல் என்று இப்போது தோன்றுகிறது.

சாமியானாவின் கீழே பெரும் கூட்டம். பலர் இரவு ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடு நேராக வந்திருந்தார்கள். போதகர் வரத் தாமதமானது. வெயில் ஏறியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒவ்வொரு தலையாகச் சாய ஆரம்பித்தது. ஒருவர் அடுத்தவர் தோளில், அடுத்தவர் கம்பத்தில். சாவு வீட்டில் தூங்குகிறார்களே என்று ஒருவரும் குறை சொல்லவில்லை. பறை அடிக்க வந்தவர்களைக் கன்னியம்மா தெரு முனையிலேயே நிறுத்தி, “செத்த நேரம் பொறுங்க, இப்பத்தான் அசந்தாங்க” என்று சொன்னதை நான் கேட்டேன்.

சென்னையில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், ரூத்தின் ஓவியம் உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் என்னை வரைந்ததில்லை, நானும் கேட்டதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று அந்த மேடையில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் முடிந்து செங்குன்றத்தில் பஸ் பிடித்தேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காரனோடைப் பாலம் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளில் விழுந்துவிட்டது. முன்பெல்லாம் நான் இப்படிப்பட்ட தலைகளை நாசூக்காக நகர்த்திவிடுகிறவள். அன்று அசையவில்லை. அவள் மூச்சு என் கையில் படப்பட, வெளியே வயல்களும் ஆலைச் சுவர்களும் மங்கிக்கொண்டே போயின. அடையாளம் தெரியாத ஒருத்திக்குக் கொஞ்ச நேரம் பாயாக இருப்பது பெரிய காரியமாகத் தோன்றியது. ரூத் எனக்கு விட்டுப்போனது இதுதான்: கண்ணை மூடியவர்களின் பக்கத்தில் அசையாமல் இருக்கும் பழக்கம்.

கவரைப்பேட்டை வந்தது. தினமும் என்னைப் பார்க்கிற கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“டீச்சர், உங்க ஸ்டாப்பு. எறங்கல?”

“கும்மிடிப்பூண்டிக்கு ஒரு டிக்கெட் கொடுங்க” என்றேன் தாழ்ந்த குரலில்.

அவர் என் தோளைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வாயில் வைத்த விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போகலாம் என்று டிரைவருக்குக் கையால் மெல்லத் தட்டிக் காட்டினார்.